கான்கிரீட்: செய்முறையைக் கேட்பதா, விளைவைக் கேட்பதா?

கல்யாணச் சமையல்காரரிடம் வேலையை இரண்டு விதமாகச் சொல்லலாம். "இத்தனை படி அரிசி, இத்தனை கிலோ பருப்பு" என்று பட்டியல் கொடுப்பது ஒன்று. "300 பேர் வருவாங்க, ராத்திரி வரைக்கும் சாம்பார் ஊசிப்போகக் கூடாது, மத்தது உங்க பாடு" என்பது இன்னொன்று. கட்டடத்தில் கான்கிரீட் கேட்பதும் இப்படித்தான். முதலாவது செய்முறை விவரக்குறிப்பு, இரண்டாவது செயல்திறன் விவரக்குறிப்பு. பெயர்தான் பயமுறுத்தும் :)

நம் விதிநூல் ஐ.எஸ். 456:2000 பெரும்பாலும் முதல் ரகம். கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு அது சொல்லும் பட்டியல் இது: கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், நீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்குள், குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர். கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரைக்கும் இதுதான் பொருந்தும்.

0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர். சின்ன வீட்டு வேலையில் அதை யார் அளக்கிறார்கள்? கலவை ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள். ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் கணக்கிலேயே வராது. இதில் கொத்தனாரை மட்டும் குறை சொல்ல முடியாது. கெட்டிக் கலவையைச் சித்தாள் தலையில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோய், வைப்ரேட்டர் இல்லாமல் கம்பி இடுக்கில் இறக்குவது லேசான காரியமா? வேலை நடக்க வேண்டும், தண்ணீர் கூடுகிறது.

எம்30-ல் உள்ள அந்த 30 மட்டும் விளைவைக் கேட்கிறது என்று சொல்லலாம். 150 மி.மீ. கனசதுரம், 28 நாள், சதுர மி.மீட்டருக்கு 30 நியூட்டன். ஆனால் கேட்பது தப்பான விளைவை என்பது என் எண்ணம். கடலோரத்தில் வீட்டைக் கெடுப்பது பாரம் அல்ல, உப்பு. அது கான்கிரீட்டுக்குள் மெதுவாக ஊறிப்போய்க் கம்பியைத் தொடுகிறது, துரு பல மடங்கு உப்புகிறது, கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுகிறது. சோதனைக் கட்டியோ 28 நாளும் தொட்டித் தண்ணீரில் சுகமாகக் கிடக்கிறது! மொட்டைமாடியில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் மூன்று நாளில் வற்றிவிட்டால், பாஸ் ஆன அந்தக் கட்டிக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம்?

கவர் விஷயம் இன்னும் மோசம். உப்பு ஊறும் ஆழம் தோராயமாகக் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது கவர் பாதியானால் கம்பியை எட்டும் காலம் கால்வாசியாகிவிடும். 45 மி.மீ. கேட்ட இடத்தில் 22 மி.மீ. வைத்தால், 40 வருடம் என்று நினைத்தது 10 வருடம்தான்.

உப்பை நேரடியாகக் கேட்கும் வழியும் உண்டு. 50 மி.மீ. தடிமனுள்ள வில்லை ஒன்றை வெட்டி, ஒரு பக்கம் உப்புக் கரைசல் வைத்து, 60 வோல்ட்டில் 6 மணி நேரம் மின்சாரம் விடுவார்கள். கடந்துபோனது 1000 கூலூமுக்குக் கீழே என்றால் ரொம்ப நல்லது, 4000-க்கு மேல் என்றால் கடலோரத்துக்கு ஆகாது. (உண்மையில் இது மின்கடத்தலைத்தான் அளக்கிறது என்ற குறை உண்டு.) கனடா தன் விதிநூலில் 2004-லேயே இரண்டு வழியையும் வைத்து, எது வேண்டும் என்பதைக் கட்டட உரிமையாளரிடம் விட்டது. விளைவைக் கேட்டால் கலவையைத் தீர்மானிக்கும் சுதந்திரம் தயாரிப்பவருக்கு, பொறுப்பும் அவருக்கே.

நம் ஊருக்கு எது? 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகும் கடலூர் மாவட்டத்தில் ஏராளமான கான்கிரீட் வீடுகள் கட்டப்பட்டன. அப்படி நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே ஒப்பந்தத்தில் கட்டும்போது விளைவைத்தான் கேட்க வேண்டும். சில கூரைகளில் துண்டு வெட்டிச் சோதிக்கும் செலவு மொத்தத்தில் தெரியவே தெரியாது. குடியேறப்போகிற மீனவக் குடும்பத்தால் பத்து வருடம் கழித்துக் கூரையை மாற்றிப் போட முடியுமா?

இரண்டு சென்ட்டில் தனி வீடு கட்டுபவருக்குக் கூலூம் எல்லாம் வேலைக்கு ஆகாது. அங்கே செய்முறைதான் சரி, அதுவும் சுருக்கமாக: மணலின் ஈரத்தைக் கழித்துக் கோடு போட்ட வாளி, கவர் பிளாக், விடாமல் தண்ணீர். இதிலும் ஒரே ஒரு விளைவையாவது கேட்டு வாங்கலாம். சென்ட்ரிங் பிரித்த கையோடு கவர் மீட்டர் வைத்துப் பார்த்தால் கம்பி எத்தனை மி.மீ. உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எதையும் உடைக்க வேண்டாம், கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.