பேருல மட்டும் அமைதி!
ஜெர்மனி போற சான்ஸ் கிடைச்சா, பைராய்ட் ஊரை மிஸ் பண்ணிடாதீங்க ப்ரெண்ட்ஸ்! இசைமேதை ரிச்சர்ட் வாக்னர் 1874-ல் குடியேறிய 'வான்ஃப்ரீட்' மாளிகை அங்கேதான் இருக்கு. 'பித்து அடங்கிய அமைதி'ன்னு பேருக்கு அர்த்தம். கட்டப் பணம் கொடுத்தவர் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக். வாசல்ல அவர் சிலைதான் வரவேற்கும். உள்ளே உயரமான நடுக்கூடம், அடுத்து தோட்டம் பார்த்த அரைவட்ட ஹால். பின்னாடி வாக்னர் கல்லறை... மேலே பேர்கூட கிடையாது!

1945-ல் குண்டு விழுந்து தோட்டப் பக்கம் நொறுங்கிடுச்சு. 1976-ல் பழைய வடிவத்துக்கே மீட்டு மியூஸியமாக்கினாங்க. பக்கத்துல வாக்னர் மகன் சீக்ஃப்ரீட்டின் வீடு. 1930-களில் ஹிட்லர் விருந்தாளியா தங்கினது அங்கேதான். 2015-லேர்ந்து அந்த உறவையும் மறைக்காம காட்சிக்கு வெச்சிருக்காங்க. அதையும் பார்த்துட்டு, மாளிகை பேரை இன்னொரு முறை படிங்க!