பல்ப் எரிந்தால் சக்கரம் கனக்கும்

மாதவரத்தில் ஜி.என்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு நடுநிலைப் பள்ளி. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்கிறது. மெட்ரோ வேலையின் தூசி பெஞ்சு மேல் படிந்திருக்க, ஒரு சிறுமி அதில் விரலால் தன் பெயரை எழுதி அழித்துக்கொண்டிருக்கிறாள். ஏழாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் எனக்கு இடம் தந்திருக்கிறார்கள்.

கரும்பலகையில் 'ஆற்றலின் வகைகள்'. கீழே இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், வெப்பம், ஒளி, ஒலி, மின், வேதி, அணுக்கரு. வகுப்பாசிரியை தலையசைத்ததும் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள்: ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றத்தான் முடியும். ஒரு சொல் பிசகவில்லை.

மூன்றாவது பெஞ்சுப் பையன் கையைத் தூக்குகிறான்.

"மிஸ், அழிக்கவே முடியாதுன்னா அப்புறம் எதுக்கு மிஸ் கரண்ட்ட மிச்சம் பண்ணணும்? ஃபேன ஆஃப் பண்ணாம வந்துட்டா எங்க ஆயா அந்தத் திட்டு திட்டுது."

வகுப்பு சிரிக்கிறது. மேசை அருகில் பையைப் பிரித்துக்கொண்டிருந்த இளம்பெண் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து, அவன் கேட்ட கேள்வியை அப்படியே பலகையின் மூலையில் எழுதி, சுற்றிக் கட்டம் போடுகிறார்.

"இது இங்கயே இருக்கட்டும். கடைசியில இதுக்கு வருவோம்."

அவர் வானவில் மன்றத்தின் கருத்தாளர். 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் வண்டியில் சோதனைப் பொருட்களோடு வந்து அறிவியலும் கணக்கும் செய்துகாட்டுகிறார்கள். 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்பது அதன் முழக்கம். இவருடைய ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில் நிற்கிறது. பையிலிருந்து வெளியே வருபவை பழைய டைனமோ, ஒயர், பல்ப், ஆற்று மணல் அடைத்த இரண்டு பாட்டில்கள், வெப்பமானி, இரண்டு துண்டுகள். சைக்கிள் மட்டும் பள்ளிக் காவலாளியுடையது.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிறுத்துகிறார். டைனமோவின் தலை டயரில் உரச, ஒரு பெண் பெடலைக் கையால் சுற்றுகிறாள். பல்ப் எரிகிறது. கைதட்டல். இந்த இடத்தில் பாடத்தை முடித்துக்கொள்ளும் வகுப்புகள் பல உண்டு: 'இயக்க ஆற்றல் மின்னாற்றலாகவும், மின்னாற்றல் ஒளி ஆற்றலாகவும் மாறுகிறது', எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த பாடம்.

இவர் முடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணைத் துப்பட்டாவால் கட்டச் சொல்கிறார். சத்தமில்லாமல் ஒயரைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார்.

"சுத்திக்கிட்டே இரு கண்ணு. பல்ப் எரியுதா, இல்லையான்னு மட்டும் சொல்லு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றுகிறாள். "இப்போ எரியல... இப்போ எரியுது." சரியாகச் சொல்கிறாள். வகுப்பே எழுந்து நிற்கிறது.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"எரியும்போது கனமாயிடுது மிஸ்."

எல்லோரும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வரிசை நிற்கிறது. ஒவ்வொரு கையும் அந்தக் கனத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. வெளிச்சம் சும்மா வருவதில்லை, யாருடைய மணிக்கட்டோ அதைத் தந்தாக வேண்டும் என்பதை அந்த வகுப்பில் யாரும் வாயால் சொல்லித்தரவில்லை.

1966இல் அமெரிக்க அறிவியல் ஆசிரியர்கள் முன்னால் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் பேசிய பேச்சு எனக்கு நினைவுக்கு வருகிறது. சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நாயின் படத்தைப் போட்டு, இது எதனால் ஓடுகிறது என்று கேட்டு, 'ஆற்றலால்' என்று விடை சொல்லித்தந்த பள்ளிப் புத்தகம் ஒன்றை அவர் அதில் கண்டித்தார். பொம்மையைக் கழற்றி உள்ளே இருக்கும் சுருள்வில்லைக் காட்டுங்கள் என்பது அவர் கட்சி. மாதவரத்தில் இன்று சைக்கிள் கவிழ்ந்துகிடக்கிறது.

"வீட்டுல ஸ்விட்ச் போட்டா யாரு சுத்துறாங்க?"

பதில் இல்லை. பிறகு ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அத்திப்பட்டு மிஸ். எங்க மாமா அங்கதான் கான்ட்ராக்ட்ல வேலை பாக்குறாரு."

இந்தப் பிள்ளைகள் வேறெங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சென்னைக்கு மின்சாரம் தரும் பெரிய நிலையங்கள் அவர்கள் வசிக்கும் வடசென்னையை ஒட்டியே இருக்கின்றன. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200. மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. அருகிலேயே வல்லூரில் 1,500. எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி கன்வேயரில் போய்க் கொதிகலனில் எரிகிறது. நீராவி டர்பைனைத் தள்ளுகிறது. டர்பைனோடு சேர்ந்து ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது.

கருத்தாளர் இத்தனை எண்களைச் சொல்லவில்லை. மாமா வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பெரிய சக்கரம் இருக்கிறது, ராத்திரி ஏழு மணிக்கு ஊரெல்லாம் லைட்டும் ஏசியும் போடும்போது அது இந்த சைக்கிள் மாதிரியே கனக்கும், வேகம் குறையாமல் இருக்க இன்னும் நீராவி வேண்டும், இன்னும் கரி வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். மாமாவின் மருமகன் நிமிர்ந்து உட்காருகிறான்.

அடுத்து மணல். பாட்டிலில் வெப்பமானியை நுழைத்துப் பார்க்கிறார்கள். 32 டிகிரி. மூடி, துண்டு சுற்றி, ஆளுக்குக் கொஞ்சமாகக் குலுக்கச் சொல்கிறார். பாட்டில் பெஞ்சு பெஞ்சாகப் போகிறது. ஒரு குண்டுப் பையன் முகம் சிவக்கக் குலுக்குகிறான். சுற்றி வந்த பாட்டிலைத் திறந்து வெப்பமானியை விட்டால் இரண்டு டிகிரி ஏறியிருக்கிறது.

"கை சூடு மிஸ் அது," என்கிறாள் துப்பட்டாப் பெண்.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். கருத்தாளர் இந்தச் சந்தேகத்துக்காகவே இரண்டாவது பாட்டிலைக் கொண்டுவந்திருக்கிறார். அதே துண்டு, அதே கைகள், ஆனால் குலுக்காமல் பிடித்துக்கொண்டு மட்டும் கடத்த வேண்டும். அது அரை டிகிரிகூட ஏறவில்லை. மற்றதெல்லாம் குலுக்கியதன் சூடு. 1840களில் ஜேம்ஸ் ஜூல், எடையைக் கீழே இறங்கவிட்டு அதனால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுற்றவைத்து, தண்ணீரின் சூடு ஏறுவதை அளந்து காட்டியதும் இதைத்தான். ஆற்றலின் அலகுக்கு அவர் பெயர்தான் இருக்கிறது.

கருத்தாளர் அந்தச் சூடான மணலை மூன்றாவது பெஞ்சுப் பையனிடம் நீட்டுகிறார்.

"உங்க எல்லாரோட கைபலமும் இதுக்குள்ளதான் இருக்கு. எங்கயும் போகல. இத வச்சு அந்தப் பல்பை எரிய வைப்பா பாக்கலாம்."

அவன் பாட்டிலைப் பார்க்கிறான், பல்பைப் பார்க்கிறான். ஒயரை மணலுக்குள் விட்டுக்கூடப் பார்க்கிறான்.

"வராது மிஸ்."

"ஏன்?"

"சூடு... அப்படியே பரவிடுச்சு. திரும்பப் பிடிக்க முடியாது."

கட்டத்துக்குள் இருந்த கேள்விக்குப் பக்கத்தில் அவனையே எழுதச் சொல்கிறார். அவன் எழுதுகிறான்: 'ஆற்றல் அழியவில்லை. பரவிவிட்டது. இனி நமக்கு உதவாது.' 'பரவிவிட்டது' என்பதில் ஒரு வி குறைகிறது. அதை அவர் திருத்தவில்லை.

அப்போதுதான் இன்னொரு சிறுமி பேசுகிறாள். அவளுடைய தாத்தா எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசியவராம். "அந்தப் பக்கம் தண்ணி சூடா வரும், மீன் ஒதுங்கிப் போயிடும்னு தாத்தா சொல்லும்." வகுப்பு அமைதியாகிறது. கருத்தாளர் பலகையில் நிலக்கரியிலிருந்து ஒரு கோடு இழுத்து மூன்றாகப் பிரிக்கிறார்: கரண்ட், புகைபோக்கி, தண்ணீர். அனல் மின் நிலையத்தில் எரியும் கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகக் கம்பி ஏறுகிறது. நீராவியைக் குளிரவைக்கும் தண்ணீரோடு பாதி வெளியேறுகிறது. ஆயா திட்டுவதில் இருக்கும் நியாயம் அந்த மூன்று கோடுகளில் தெரிகிறது. வீணாக ஓடும் ஃபேனுக்கு ஒரு பங்கு என்றால், கரி மூன்று பங்கு எரிகிறது. மிச்சம் கடலுக்கும் காற்றுக்கும் சேர்கிறது.

மணி அடிக்கிறது. யாரும் ஓடவில்லை. இருவர் சைக்கிளை நிமிர்த்த, காவலாளி வந்து டயரைத் தடவிப் பார்க்கிறார்.

கருத்தாளர் எப்போதாவதுதான் வர முடியும். அவர் பையில் இருந்ததில் கடையில் தேடி வாங்க வேண்டியது டைனமோ ஒன்றுதான். மணலும் துண்டும் சைக்கிளும் எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும். தேர்வுத் தாளில் 'ஆற்றலின் வகைகளை எழுதுக' என்று கேட்பது எளிது, திருத்துவதும் எளிது. அதைக் கேளுங்கள். அதோடு, 'பல்ப் எரியும்போது பெடல் ஏன் கனக்கிறது' என்றும் ஒரு கேள்வி வையுங்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மணலியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளுக்குப் பாதி விடை வீட்டிலேயே தெரியும். அந்தச் சைக்கிளை ஒரு தடவை கவிழ்த்து வையுங்கள்.