இரண்டு கிழமைத் தவணை

கொழும்பில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று உம்மா பல தடவை கேட்டிருக்கிறார். ஒரு முறை விளங்கப்படுத்த முயன்றேன். கணினி நிரல் எழுதுகிற பிள்ளைகள் எழுதுவதையெல்லாம் ஒரு களஞ்சியத்தில் சேர்த்து வைக்கிறார்கள், அந்தக் களஞ்சியம் நிரம்பி வழியாமல், தேடும்போது சுணங்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றேன். உம்மா சற்று யோசித்துவிட்டு, “அப்ப கூட்டித் துடைக்கிற வேலதானே மகன்?” என்று கேட்டார். பட்டம் பெற்றவன் என்ற கர்வம் எனக்கு அப்போது கொஞ்சம் மீதியிருந்தது. சிரித்து மழுப்பினேன். உம்மா சொன்னது சரி என்பதும், கூட்டுவதிலும் ஹலால் ஹறாம் இருக்கிறது என்பதும் 2021ஆம் ஆண்டின் இறுதியில்தான் எனக்கு உறைத்தது.

எழுதுகிறவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. ஒரு சிறுகதையை எட்டுத் தடவை திருத்தி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பிரதிகளையும், எந்தப் பிரதியில் எதை, எப்போது, யார், ஏன் மாற்றினார் என்ற குறிப்பையும் வரிசை குலையாமல் ஒருவர் பாதுகாத்துத் தந்தால் எப்படியிருக்கும்? நிரலாளர்களுக்கு அந்த வேலையைச் செய்வது ‘கிட்’ என்னும் மென்பொருள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை உருவாக்கினார். இன்று உலகில் எழுதப்படும் நிரல்களில் பெரும்பகுதி இதற்குள்தான் வாழ்கிறது.

கிட் பொருள்களை வைக்கும் முறை எளியது. ஒரு கோப்பு மாறினால் அதன் முழுப் பிரதியையும் சுருக்கித் தனிப் பொருளாக வைத்துவிடும். அந்தப் பொருளுக்கு அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்பட்ட நாற்பது எழுத்துப் பெயர் ஒன்று உண்டு. பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களைப் பார்த்து 256 அறைகளில் ஏதாவது ஒன்றில் போடும். வைப்பதற்கு இது வசதி. ஆனால் நாளடைவில் ஆயிரக்கணக்கான உதிரிப் பொருள்கள் சேர்ந்து, தேடல் சுணங்கத் தொடங்கும். அப்போது உதிரிகளை ஒன்றாகக் கட்டிப் பொதியாக்க வேண்டும். பொதிக்குள் ஒத்த பிரதிகளை அருகருகே வைத்து, வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கொள்வதால் இடம் வெகுவாக மிச்சமாகும்.

கிட் தானாகவே இதைச் செய்யும். உதிரிகள் ஏறத்தாழ 6,700ஐத் தாண்டினால் துப்புரவு தொடங்கும். எல்லா அறைகளையும் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால், 17 என்ற ஓர் அறையை மட்டும் திறந்து பார்க்கும். அதில் 27க்கு மேல் இருந்தால், மற்ற அறைகளும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டும். சோற்றுக்கு ஒரு பருக்கை பார்க்கிற எங்கள் வீட்டு வழக்கம்தான்.

துப்புரவின்போது எதை எறிவது என்ற கேள்வி வரும். எந்தக் கிளையிலிருந்தும் போய்ச் சேர முடியாத பொருள்கள் களஞ்சியத்தில் எப்போதும் சில கிடக்கும். யாரோ எழுதிக் கைவிட்டவை, தவறுதலாக அறுந்து போனவை, இன்னும் எழுதி முடிக்காதவை. அவற்றைக் கிட் உடனே அழிப்பதில்லை. இரண்டு கிழமை தவணை கொடுக்கிறது. தேடி வருகிறவர் வருவதற்கு அவகாசம் அது. அந்த நேரத்தில் வேறொருவர் அதே பொருளைப் பற்றிப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தால் அவருடைய வேலை சிதைந்துவிடாமல் இருப்பதற்கும் அதுதான் காவல். தவணை வேண்டாம், இப்போதே அழி என்று கட்டளையிடவும் முடியும். ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

நான் அந்தச் சொல்லைச் சேர்த்தேன்.

அப்போது நான் வேலை செய்த நிறுவனத்தின் களஞ்சியம் பதினொரு ஜிகாபைட்டைத் தாண்டியிருந்தது. உலகப் பெரும் களஞ்சியங்களோடு பார்த்தால் இது தூசி. மைக்ரோசொஃப்ட் தனது விண்டோஸ் நிரலைக் கிட்டுக்குக் கொண்டுவந்தபோது, 2017இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, சுமார் 35 இலட்சம் கோப்புகளும் 300 ஜிகாபைட்டும் இருந்தன. ஆனால் அவர்களிடம் அதற்கேற்ற ஆள்பலமும் இயந்திரமும் இருந்தன. எங்களிடம் இருந்தது ஒரு பழைய சேர்வர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதன் தட்டு தொண்ணூற்றாறு வீதம் நிரம்பிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, “நானா, ஒண்டும் நகருதில்ல” என்றார்கள். முகாமையாளர் இரண்டு தடவை தொலைபேசினார். நான் பொறுமையிழந்து, இப்போதே அழி என்று அடித்தேன். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் பறக்கத் தொடங்கியது. அன்றைக்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் அந்தத் தங்கச்சி வந்தாள். சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளை. சேர்ந்து ஐந்து மாதம். தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு மேலதிக நேரச் சம்பளக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

“நானா, ஒரு பிழ செஞ்சிட்டன்” என்றாள். முகம் வெளிறியிருந்தது.

“என்ன தங்கச்சி?”

“என்ட லெப்டொப் பழுதாப் போச்சுதானே. புதிசு தந்தாங்க. யுஎஸ்பில கிடந்த பழைய பிரதியப் போட்டுத் திங்கக்கிழம வேல செஞ்சன். அனுப்பினா சேர்வர் ஏத்துக்கொள்ளல்ல. ஃபோர்ஸ் போட்டு அனுப்பிட்டன். இப்ப மூணு கிழம எழுதினது ஒண்டையும் காணல்ல. ரெண்டு கிழமக்கி உள்ளுக்குள்ள கிடக்குமாமே. எடுத்துத் தரலாமா நானா?”

அவள் வாசித்து அறிந்திருந்தது முற்றிலும் சரி. பழைய பிரதியை வலிந்து அனுப்பியதால் அவளுடைய மூன்று கிழமை வேலை கிளையிலிருந்து அறுந்து போயிருந்தது. அறுந்ததே தவிர அழியவில்லை. திங்கள் இரவு வரை அது சேர்வரில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலைதான் அது இல்லாமல் போனது. அறுந்து கிடப்பவற்றைத் தேடும் கட்டளையை அவள் முன்னாலேயே அடித்தேன். ஒரு வரிகூட வரவில்லை. பிரதியெடுப்பு மாதத்துக்கு ஒரு முறைதான். கடைசிப் பிரதி அவள் அந்தப் பகுதியைத் தொடங்குவதற்கு முந்தியது. அவளுடைய பழைய மடிக்கணினியின் வன்தட்டு ஏற்கனவே செத்துப் போயிருந்தது.

“கிடைக்கல்ல தங்கச்சி” என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டத்தில் முகாமையாளர், ஃபோர்ஸ் போட்டது யார் என்று கேட்டார். அவள் கையை உயர்த்தினாள். மூன்று கிழமையில் எழுதியதைக் காட்ட ஒன்றுமேயில்லையா என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு சந்தேகம் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதம் நீடிக்கப்பட்டது.

அன்றிரவு பஸ் ஏறி ஊருக்குப் போனேன். வழியில் நித்திரை வரவில்லை. சனிக்கிழமை ளுஹர் தொழுதுவிட்டு எழும்பும்போது, பள்ளிவாசல் விறாந்தையில் மோதினார் அப்பா பாய் விரித்து, ஒரு சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். கிழிந்த குர்ஆன் தாள்கள், யாசீன் கிதாபுகள், மௌலித் ஏடுகள், அரபுத்தமிழில் அச்சிட்ட பழைய மாலைகள். வாசிக்க முடியாமற் போனவற்றை எறிய மாட்டார்கள். சேர்த்து வைத்து, காலடி படாத இடத்தில் அடக்குவார்கள். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடக்கத்தானே போறீங்க. ஏன் அப்பா இப்பிடி ஒண்டொண்டாப் பாக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“ஆருட தாளெண்டு தெரியாம மண்ணுக்குள்ள வெக்கேலா மகன். கிதாபுக்குள்ள காணி உறுதிய வெச்சிருப்பாங்க. புள்ள பொறந்த நாள எழுதி வெச்சிருப்பாங்க. அடுத்த நோம்பு மட்டும் கிடக்கட்டும். தேடி ஆராச்சும் வருவாங்க.”

அவருக்கு என் விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. களஞ்சியம் என்னிடம் அமானிதமாகத் தரப்பட்டது. என் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்த ஒன்று, ஒரு பெண்பிள்ளை மூன்று கிழமை கண்விழித்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. அழித்தது அவசரம். அதை மறைத்தது அவசரம் அல்ல. அல்லாஹ்விடம் தவ்பாச் செய்து முடிக்கிற விஷயமும் அல்ல இது. அடியானுடைய ஹக்கு அடியானிடத்தில்தான் தீர வேண்டும் என்று சிறுவயதில் ஓதிக் கொடுத்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். தன் மேல் வரும்போதுதான் அதன் பாரம் தெரிகிறது.

திங்கட்கிழமை முதலில் அவளிடம் சொன்னேன். பிறகு முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்தேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

“அழிஞ்சது பரவாயில்ல நானா. திரும்ப எழுதலாம். நான் வேலயே செய்யாமப் பொய் சொல்றனெண்டு எல்லாரும் நெனச்சிட்டாங்க. வியாழக்கிழமயே நீங்க சொல்லியிருந்தா அந்தக் கூட்டத்துல நான் அப்பிடிக் குனிஞ்சிருக்க மாட்டன்.”

இதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. நீடிப்பு ரத்துச் செய்யப்பட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவேண்டியதுதான். பதினொரு நாள் பின்னேரங்களில் நானும் கூட இருக்க, அவள் அந்தக் கணக்கைத் திரும்ப எழுதினாள். முதல் பிரதியை விட இது நன்றாக வந்திருக்கிறது என்றாள். என்னை ஆறுதற்படுத்துவதற்காக அப்படிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் களஞ்சியப் பராமரிப்பை ஒழுங்காகப் படித்தேன். விண்டோஸ் போன்ற பென்னம்பெரிய களஞ்சியங்களோடு மல்லுக்கட்டியவர்கள் இந்தப் பிரச்சினையை எங்களுக்கு முன்பே கண்டிருந்தார்கள். வேலைக்கு நடுவே திடீரென்று தொடங்கும் மொத்தத் துப்புரவு அவ்வளவு பெரிய இடங்களுக்குச் சரிவராது. டெரிக் ஸ்டோலி என்னும் பொறியியலாளர் முன்னின்று செய்த பணியின் பயனாக, 2020 ஒக்டோபரில் வந்த கிட் 2.29இல் பராமரிப்புக்கென்றே தனிக் கட்டளை சேர்ந்தது. டிசம்பரில் வந்த 2.30இல் அதைப் பின்னணியில் நேரம் குறித்து ஓடவிடும் வசதி வந்தது. மணிக்கொரு தடவை, மற்றவர்கள் எழுதியதை முன்கூட்டியே இறக்கி, எங்கள் கிளைகளைத் தொடாமல் ஒரு புறமாக வைக்கிறது. வரலாற்றின் வரைபடத்தையும் அப்போதே புதுப்பிக்கிறது. நாளுக்கொரு தடவை உதிரிகளைப் பொதியாக்குகிறது. சிறு பொதிகளைச் சேர்த்துப் பெரும் பொதியாகக் கட்டுகிறது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு சிறு ஒழுங்கு. உதிரிகளைப் பொதியாகக் கட்டிய அதே ஓட்டத்தில் அந்த உதிரிகளை அது அழிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் முதலில், ஏற்கனவே ஏதாவது பொதிக்குள் பத்திரமாக இருக்கின்றன என்று உறுதியான உதிரிகளை மட்டும் அகற்றுகிறது. அதன் பிறகு ஐம்பதினாயிரம் வரையான உதிரிகளைப் புதிதாகக் கட்டுகிறது. இன்றைக்குக் கட்டியதன் பழைய பிரதி நாளைக்குத்தான் போகும். பொதிகளைச் சேர்ப்பதிலும் இதே முறைதான். இன்று புதியது, அடுத்த முறை பழையது நீக்கம். இடையில் யாராவது பழையதை வாசித்துக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம்தான் காரணம். கிளை அறுந்து கிடப்பவற்றை அழிக்கிற வேலையை இந்தப் பின்னணி அட்டவணை செய்வதேயில்லை. அது வேறு வேலை, வேறு தீர்மானம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்டுவதை இயந்திரத்திடம் விடலாம், எறிவதை அப்படி விடக்கூடாது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அந்த நிறுவனத்தை விட்டு விலகும் முன் மூன்று காரியங்கள் செய்தேன். பராமரிப்பைப் பின்னணியில் ஓடவிட்டேன். பிரதியெடுப்பை நாளாந்தமாக்கினேன். உடனடி அழிப்புக் கட்டளையை இருவர் ஒப்பமில்லாமல் அடிக்கக்கூடாது என்று விதி எழுதினேன். ஏன் இருவர் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்டால், கதையை முழுதாகச் சொன்னேன், என் பெயரோடு.

2022இல் நாட்டின் நெருக்கடி நேரத்தில் அந்தப் பிள்ளை கட்டாருக்கு வேலைக்குப் போனாள். போகுமுன் மாப்புக் கேட்டேன். “அதெல்லாம் அப்பவே தந்திட்டன் நானா” என்று சொல்லிவிட்டு, உடனே, “ஆனா மறக்கல்ல” என்றாள். இரண்டையும் ஒன்றாகச் சொன்னது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

மோதினார் அப்பா போன வருடம் மௌத்தாகிவிட்டார். அவருடைய இடத்துக்கு வந்த இளைஞர் சாக்கை எங்கே வைப்பது என்று கேட்டாராம். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று ஜமாஅத்தார் சொல்லியிருக்கிறார்கள்.