ஆசிரியைக்கு ஸ்பானிஷ், தோழிக்கு ஆங்கிலம்

திங்கள்

அறிவியல் பாடம், ஐந்தாம் வகுப்பு. "மாயெஸ்த்ரா, புயேதோ இர் அல் பாஞோ?" என்று கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கிறான் ஒரு பையன். உச்சரிப்பு சுத்தம். உடனே பக்கத்தில் இருப்பவளிடம் திரும்பி, "அது என் மார்க்கர், குடு" என்று ஆங்கிலத்தில் மல்லுக்கு நிற்கிறான். "என் எஸ்பஞோல், போர் ஃபவோர்" என்று ஸ்பானிஷில் பேசச் சொல்கிறார் ஆசிரியை. இரண்டு வாக்கியம் ஸ்பானிஷ். பிறகு பழையபடி ஆங்கிலம். பாடங்களை இரு மொழிகளிலும் நடத்தும் அமெரிக்கப் பள்ளிகளில் இது அன்றாடக் காட்சி.

செவ்வாய்

சிகாகோவின் இன்டர்-அமெரிக்கன் மேக்னட் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஸ்பானிஷ் பாடவேளைப் பேச்சை மொழியியலாளர் கிம் பொடோவ்ஸ்கி பதிவுசெய்து கணக்கெடுத்தார். ஆசிரியரிடம் பேசியதில் 82 சதவீதம் ஸ்பானிஷ். சக மாணவர்களிடம் 32 சதவீதம்தான்.

புதன்

ஏன் இப்படி? மொழியியலாளர்கள் எலேன் டரோனும் மெரில் ஸ்வெயினும் 1995இல் ஒரு விளக்கம் தந்தார்கள். வகுப்பறை கற்றுத்தருவது பாடமொழியை. பத்து வயதில் பிள்ளைகளுக்கு வேண்டியதோ கேலிக்கும் சண்டைக்கும் ரகசியத்துக்குமான பேச்சு. ஒளிச்சேர்க்கையை ஸ்பானிஷில் விளக்கும் சிறுமிக்குத் தோழியைச் சீண்ட அந்த மொழி கைகொடுப்பதில்லை.

ஆங்கில வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சரி. வீட்டில் பாட்டியோடு ஸ்பானிஷில் வாயாடும் பிள்ளைகளும் வகுப்பில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்களே!

வியாழன்

அதற்குக் காரணம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது: ஸ்பானிஷைவிட ஆங்கிலத்துக்கு மதிப்பு அதிகம். மயாமியின் கோரல் வே பள்ளி 1963இல் கியூப அகதிப் பிள்ளைகளையும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளையும் சேர்த்து, பாதி நாள் ஸ்பானிஷிலும் பாதி நாள் ஆங்கிலத்திலும் கற்பித்தது. அப்படித் தொடங்கிய முயற்சிக்கு எதிர்ப்பும் வந்தது. கலிபோர்னியாவில் 1998இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 227ஆம் முன்மொழிவு இருமொழிக் கல்வியை இறுக்கியது; 2016இல்தான் 58ஆம் முன்மொழிவு அந்தப் பிடியைத் தளர்த்தியது. எந்த மொழிக்கு மதிப்பு என்பதைப் பிள்ளைகள் சட்டம் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. ஒலிபெருக்கி அறிவிப்பும் பெரிய தேர்வும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். வகுப்பில் கறாராக ஸ்பானிஷ் பேசும் ஆசிரியை நடைவழியில் சக ஆசிரியையோடு ஆங்கிலத்தில் பேசினால் அதையும் கவனிக்கிறார்கள்.

வெள்ளி

இதற்குக் கண்டிப்பு மருந்தாகாது. ஆங்கிலம் பேசியதற்காகத் திட்டு வாங்கும் பிள்ளை ஸ்பானிஷைத் தண்டனையாகவே நினைக்கும். அதைவிட, விளையாட்டையும் சண்டையையும் ஸ்பானிஷுக்குள் கொண்டுவரலாம்: சீட்டாட்டம், காமிக்ஸ், பிள்ளைகளே எழுதி நடிக்கும் நாடகம். மெக்சிகோவிலிருந்து புதிதாக வந்த மாணவியைக் குழுத்தலைவியாக்கினால் மற்றவர்கள் அவளிடம் ஸ்பானிஷில் பேசியே ஆகவேண்டும். "தே தோகா" – உன் முறை – என்று பலகை விளையாட்டின்போது ஒருவரையொருவர் அவசரப்படுத்தும் நேரத்தையும் பள்ளி அட்டவணையில் ஒரு பாடவேளையாகச் சேர்க்க வேண்டும்.