இரண்டு தீப்பெட்டிகள்

புதுச்சேரி வைசியாள் வீதியில் எங்கள் எதிர்வீட்டுத் திண்ணை சொல்தா தாத்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். இவர் சைகோன் வரை போய் வந்தவர். 1985 கோடை விடுமுறையில், அந்தத் திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்து பிரெஞ்சு படிக்கத் தொடங்கினேன்.

“பசிக்குதுன்னா ‘ழே ஃபேன்’. பசி எங்கிட்ட இருக்குன்னு அர்த்தம்டா” என்றார். வயசும் அப்படித்தானாம். ‘ழே உயித் தான்’ என்றால் என்னிடம் எட்டு வருஷம் இருக்கிறது. அன்று முழுக்க அந்த எட்டு வருஷத்தையும் சட்டைப் பையில் வைத்திருப்பதுபோல நடந்தேன். தாத்தாவிடம் இருந்தது ‘ஸ்வாஸாந்த் தே ஓன்ஸ்’. அறுபதும் பதினொன்றும். எழுபத்தொன்றுக்குத் தனிச் சொல் வைக்காமல் கூட்டிக்கொள்ளச் சொல்கிற பாஷை அது.

‘தூ’வும் ‘வூ’வும் எனக்குச் சிரமமே இல்லை. நீ, நீங்க என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது தானாக வரும். ஆண்பால் பெண்பால்தான் படுத்தியது. மேசை பெண், சுவர் ஆண். உயிரில்லாததை எல்லாம் ‘அது’ என்று விட்டுவிடுகிற நமக்கு இது எப்படிப் பிடிபடும்? “காரணம் தேடாதே. ‘லா தாபிள்’, ‘லெ மூர்’னு முன்னொட்டோட சேர்த்தே மனப்பாடம் பண்ணு” என்பார். கடல் மட்டும் உடனே பதிந்தது. ‘லா மேர்’, பெண். எங்கள் குப்பத்துச் சனங்களும் கடலம்மா என்றுதானே கும்பிடுகிறார்கள்.

‘இல்லை’ சொல்லித்தந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. திண்ணையில் ஒரு பல்பத்தை வைத்தார். அதுதான் வினைச்சொல். இந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டி, ‘நெ’. அந்தப் பக்கம் இன்னொன்று, ‘பா’. “ழெ ‘நெ’ ஸே ‘பா’. எனக்குத் தெரியாது.” ஒரு பெட்டியைத் தட்டிவிட்டார். “பேச்சுல பாதிப் பேர் ‘நெ’யை முழுங்கிடுவான். நீ முழுங்காதே.”

நான்கு வருஷம் கழித்து அவர் படுத்த படுக்கையானார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய், வலிக்கிறதா தாத்தா என்று பிரெஞ்சிலேயே கேட்டேன். வலியும் அந்த மொழியில் கையில் இருக்கிற பொருள்தான். என் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு தீப்பெட்டியையும் விடாமல் சொன்னார்:

“ழெ நே பா மால்.”