சொந்த சாகுபடி

குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் 1969இல் வந்தது. அப்போது நான் நன்னிலம் பக்கத்தில் ஓர் ஊருக்குக் கணக்குப்பிள்ளை. எந்த வயலை யார் உழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பசலிதோறும் பயிரைப் பார்த்து அடங்கல் எழுதுவதுதான் என் வேலை. அந்த ஊரில் ஓர் ஐந்து மா நிலத்தில் அதன் மிராசுதார் கால் வைத்ததே இல்லை. உழுதவர் ஒரு பெரியவர். அவருக்கு முன் அவர் அப்பா. குத்தகை நெல்லைக் களத்திலேயே அளந்துவிடுவார். ரசீது கிடையாது. கேட்கிற வழக்கமும் கிடையாது.

குத்தகை பாக்கி வைக்காதவரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாதென்று 1955லேயே சட்டம் இருந்தது. ஆனால் தான் குத்தகைதாரர் என்று காட்ட அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். அது என் கையில் இருந்தது. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் எழுதும் இடத்தில் 'சொந்த சாகுபடி' என்று எழுதினேன்.

பணம் வாங்கவில்லை. அதையே என் நேர்மை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். மிராசுதார் திண்ணையில் தனக்குச் சமமாக உட்காரவைத்து வெற்றிலைத் தட்டை நகர்த்துவார். அதற்கே விலை போனேன். பயமும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் மிராசுதார்களின் ஆட்கள் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்திருந்தார்கள். ஆனால் எரிந்தவர்கள் கூலி கேட்ட தலித் குடும்பங்களின் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கணக்குப்பிள்ளை எவனும் எரியவில்லை. அந்தப் பயத்தை நான் சாக்காகச் சொல்லக் கூடாது.

குத்தகைப் பதிவு விசாரணைக்கு அதிகாரி வந்தார். பெரியவர் என்னைக் கைகாட்டினார்.

"கணக்கய்யாவுக்கு எல்லாம் தெரியுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அடங்கல்ல உள்ளபடிதான் சார்" என்றேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிடமே மனசுக்குள் கணக்குப் போட்டேன். பெரியவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கக்கத்துத் துண்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அடுத்த சம்பாவுக்கு அவர் ஏர் அங்கே இறங்கவில்லை. குடியிருந்த மனை மட்டும் 1971 குடியிருப்புச் சட்டத்தால் தப்பியது. அவர் வாசலில் நின்றால் அந்த ஐந்து மாவும் தெரியும். அதில் அவர் மருமகள்கள் கூலிக்கு நாற்று நட்டார்கள். நான் அந்த வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பதிவைத் திருத்த எழுதிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை.

1980இல் அரசு கணக்குப்பிள்ளைப் பதவியை ஒழித்தது. மேலே ஒரு மனு அனுப்பினேன். அப்பா காலத்திலிருந்து பார்த்த வேலையை ஒரே உத்தரவில் பிடுங்குவது நியாயமா என்று அதில் கேட்டிருந்தேன்.