பேஸ் கிட்டார்காரர் பற்றிய பொய்களும், பாத்திரம் கழுவுற இடமும்

 

அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்குற நேரத்துல எங்க தொண்டூழியர் குழுவுக்குன்னு ஒரு விளையாட்டு இருக்கு. கிட்டார், ராக் இசைக்குழு பற்றி ‘உண்மைத் தகவல்’ மாதிரி ஒரு பொய்யை யார் சிரிக்காம சொல்றாங்களோ, அவங்களுக்கு வெங்காயம் உரிக்கிறதுல இருந்து விடுதலை. எதுக்கு ராக்னு கேட்கிறீங்களா? குழுவுல பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பி ஒருத்தர் இருக்காரு. அவரைச் சீண்டத்தான்!

இதுவரை வென்ற பொய்கள்:

1. பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பிதான் இருக்கும். மீதி ரெண்டைக் கிட்டார்காரர் கடன் வாங்கிட்டுப் போனவர், இன்னும் திருப்பித் தரலை.

2. கிட்டார்காரர் கண்ணை மூடி முகத்தைச் சுளிக்கிறது உணர்ச்சியில இல்ல. பார்க்கிங் நேரம் முடிஞ்சுபோச்சு, சம்மன் எழுதிடுவாங்கன்னு ஞாபகம் வந்துடுச்சு.

3. ராக் குழுவுல எல்லாரும் சுருதி சேர்த்து முடிக்கிறதுக்குள்ள மூணு பானை பொங்கல் பொங்கிடும். நாலாவது பானை அடிப்பிடிச்சிடும்.

4. டிரம் வாசிக்கிறவருக்குக் கல்யாண மண்டபத்துல மேசை போடக்கூடாது. சாம்பார் வர்றதுக்குள்ள மேசை உடைஞ்சிருக்கும்.

5. பேஸ் வாசிக்கிறவர் நிழற்படத்துல எப்பவும் பாதிதான் தெரிவார். மீதிப் பாதி அந்த நேரம் ஒயர் சுருட்டிக்கிட்டு இருக்கும்.

தம்பி கோபப்படலை. கத்திரிக்காயைத் தண்ணியில போட்டுக்கிட்டே, “அண்ணே, அக்கா, இப்ப நான் சொல்றது எல்லாம் நிஜம். எது பொய்னு கண்டுபிடிங்க பார்ப்போம்”னு ஆரம்பிச்சாரு.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உலகமே வாசித்த கருவி அது. ஆனா அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! எங்களுக்கு இது பெரிய ஆச்சரியமா இல்ல. நைவேத்தியத்தை ருசி பார்க்காமலே உப்பு சரியாப் போடுற அக்கா எங்க மடப்பள்ளியில இருக்காங்களே.

குவீன் குழுவின் பிரையன் மே, 1963 வாக்கில் அப்பாவோட சேர்ந்து வீட்டுலேயே தன் கிட்டாரைச் செய்ய ஆரம்பிச்சாரு. அதன் கழுத்துப் பகுதி பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். 2007இல் அவர் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

வான் ஹேலன் குழுவின் ஒப்பந்தத்துல, எம் அண்ட் எம் மிட்டாய் வேணும், ஆனா பழுப்பு நிறத்துல ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு ஒரு வரி. திமிர்னுதான் தோணும். ஆனா பழுப்பு மிட்டாய் கண்ணுல பட்டா, ஒப்பந்தத்தை ஒழுங்காப் படிக்கலை, மேடையோட பாரம், மின்சாரம் எல்லாத்தையும் மறுபடி சரிபார்க்கணும்னு அர்த்தமாம். (எங்க பொருள் பட்டியல்லயும் இப்படி ஒரு வரி சேர்க்கலாமான்னு பொருளாளர் யோசிக்கிறாரு.)

கடைசியா பீட்டில்ஸ். அவங்களோட பேஸ் வாசிப்பாளர் 1961இல் விலகினப்போ, அந்த இடத்துக்குப் போக யாருக்கும் ஆசை இல்ல. கடைசியில பால் மெக்கார்ட்னி தலையில வந்து விழுந்துச்சு. அப்ப அவர் வாங்கின வயலின் வடிவ பேஸ் 1972இல் திருடுபோய், 50 ஆண்டுக்கு மேல கழிச்சுத் திரும்பக் கிடைச்சது.

எல்லாமே நிஜம்தான். நாங்க தோத்தோம், அவருக்கு வெங்காயத்துல இருந்து விடுதலை.

“ஆனா தம்பி, பேஸ் காதுல விழவே மாட்டேங்குதே?”ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. “அக்கா, நீங்க பாட்டு கேக்குறது கைப்பேசியில. பேஸ் கிட்டாரோட அடிக்கம்பி நொடிக்கு 41 தடவைதான் அதிரும். அவ்வளவு கீழ் ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கர் கொண்டுவராது”ன்னு சொல்லிட்டு, மண்டப ஒலிபெருக்கியில ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டாரு. பாதியில அடி ஒலியை மட்டும் குறைச்சாரு. பாடகர் இருக்காரு, வயலின் இருக்கு, தாளம் இருக்கு. ஆனா பாட்டு காத்துப்போன பந்து மாதிரி ஆயிடுச்சு.

அப்ப எங்க மூத்த தொண்டூழியர் ஐயா ஒண்ணு சொன்னாரு. நாதஸ்வரக் கச்சேரியில ‘ஒத்து’ன்னு ஒரு குழல் உண்டு. ராகம் கிடையாது, பிருகா கிடையாது. ஒரே சுருதியை மூச்சு விடாம பிடிச்சு நிக்கிறதுதான் அவர் வேலை. இப்ப பெரும்பாலும் அந்த இடத்துல மின்சார சுருதிப் பெட்டி. ஊர் அந்தக் கலைஞருக்குக் கொடுத்த மரியாதையைப் பாருங்க: எதுக்கெடுத்தாலும் ஆமாம் போடுறவனை “ஒத்து ஊதுறான்”னு சொல்றோம். பேஸ் கிட்டார் வர்றதுக்கு முன்னாடியே பேஸ் கிட்டார் நகைச்சுவை தமிழ்ல இருந்திருக்கு!

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறோம்னா, போன மாச அன்னதானம் எங்களுக்கு இதையே காட்டிச்சு. பல வருஷமா பாத்திரப் பகுதியைத் தனியாளா பார்த்துக்கிட்ட அண்ணனுக்கு முட்டியில அறுவை சிகிச்சை. அன்னிக்குப் பரிமாற 20 பேர், பாத்திரம் கழுவ 3 பேர். அதுல ஒருத்தர் நம்ம பேஸ் தம்பி. சாதம் ரெடி, குழம்பு ரெடி, தட்டு மட்டும் இல்ல. ரெண்டாவது பந்தி அரை மணி நேரம் நின்னுச்சு. வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க எல்லாரும் வரிசையில காத்திருந்தாங்க. அந்த அண்ணன் இருந்த காலத்துல தட்டு எங்கிருந்து வருதுன்னு யாரும் கேட்டதே இல்ல. கேட்கிற தேவையை அவர் வைக்கலை.

அண்ணன் இப்ப வீட்டுல நலமா இருக்காரு. ஆனா இனி நின்னு கழுவ முடியாதுன்னு மருத்துவர் சொல்லிட்டாரு. அதனால அடுத்த ஞாயிறு அன்னதானத்துக்குப் பாத்திரப் பகுதிக்குக் குறைஞ்சது 8 பேர் வேணும். காலை 10 முதல் மதியம் 2 வரை. வழுக்காத செருப்பு போட்டு வாங்க. கையுறை, ஏப்ரன் நாங்க தருவோம். பரிமாற ஏற்கெனவே ஆள் நிறைஞ்சாச்சு. இந்தப் பதிவுக்குக் கீழே ‘பாத்திரம்’னு ஒரு வார்த்தை போட்டா போதும், நாங்க கூப்பிடுறோம்.

கிட்டார்காரர்களும் வரலாம். ஆனா முகத்தைச் சுளிக்காம கழுவணும்.